பச்சை முகம் பிறந்த கதை

1900-ல் சிகாகோவில் வெளியான மூலக்கதையில் அந்தச் சூனியக்காரி பச்சையாக இல்லை. தாடையில் மரு இல்லை. துடைப்பத்தில் ஏறிப் பறக்கிற வழக்கமும் இல்லை. எல். ஃபிராங்க் பாம் எழுதிய 'தி வொண்டர்ஃபுல் விஸார்ட் ஆஃப் ஆஸ்' என்ற அந்தச் சிறுவர் நாவலில் அவளுக்கு ஒற்றைக் கண்; ஆனால் அந்த ஒரு கண் தொலைநோக்கி மாதிரி நாட்டின் மூலை முடுக்கெல்லாம் பார்க்கும். கையில் எப்போதும் குடை. தண்ணீர் பட்டால் கரைந்துபோகிறவள் குடையில்லாமல் எப்படி நடமாடுவாள்? இருட்டைக் கண்டால் பயம். ஒரு நாய் அவள் காலைக் கடிக்கிறது, ரத்தம் வரவில்லை. அத்தனை பொல்லாதவள் என்பதால் உடம்பில் ரத்தமே எப்போதோ வற்றிவிட்டதாம். டபிள்யூ. டபிள்யூ. டென்ஸ்லோ வரைந்த படங்களில் அவள் மூன்று சடை போட்டு, ஒரு கண்ணில் துணி கட்டி, சர்க்கஸ் கோமாளிக்குத் தூரத்து உறவு போல இருப்பாள். நாவலில் அவளுக்கென்று இருப்பது ஏறக்குறைய ஒரே அத்தியாயம். அதன் முடிவில் வாளித் தண்ணீரில் கரைந்துபோகிறாள். கதை மேலே போய்விடுகிறது.

இன்று அமெரிக்காவில் ஒரு குழந்தையிடம் சூனியக்காரி படம் வரையச் சொன்னால், பச்சைக் கிரேயானைத்தான் முதலில் எடுக்கும். கூர் மூக்கு, கூர் தாடை, கறுப்புக் கூம்புத் தொப்பி, கீச்சென்று ஏறி உடைகிற சிரிப்பு. இந்த உருவம் பிறந்தது 1938 அக்டோபருக்கும் 1939 மார்ச்சுக்கும் இடையில், கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் இருந்த எம்.ஜி.எம். ஸ்டுடியோவில். பிறப்பித்தவர்கள் என்று உரிமை கொண்டாடப் பலருக்கு நியாயம் உண்டு. உடை தைத்த ஏட்ரியன், மேக்கப் துறைத் தலைவர் ஜாக் டான், திரைக்கதையில் கை வைத்த நோயல் லாங்லி, தயாரிப்பாளர் மெர்வின் லீராய். என் வாக்கு இவர்களில் யாருக்கும் இல்லை. வாரக் கூலிக்கு வந்து, பாதி உயிரைக் கொடுத்து, கூலியோடு வீட்டுக்குப் போன ஒரு துணை நடிகைக்குத்தான்.

மார்கரெட் ஹாமில்டன் 1902 டிசம்பர் 9 அன்று ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாண்ட் நகரில் பிறந்தவர். வக்கீல் வீட்டுப் பெண். நாடகத்தில் நடிக்க வேண்டும் என்று சிறு வயதிலேயே ஆசை. வீட்டில் சொன்ன பதில் எல்லா ஊர்ப் பெற்றோரும் சொல்கிற பதில்தான்: முதலில் சோறு போடுகிற தொழில் ஒன்றைக் கற்றுக்கொள், பிறகு பார்க்கலாம். பாஸ்டன் போய் மழலையர் பள்ளி ஆசிரியைக்கான பயிற்சி பெற்றார், கிளீவ்லாண்டில் பாடம் நடத்தினார். சின்னக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து கதை சொல்லுவதில் அவருக்கு உண்மையாகவே இஷ்டம். அவர் சொன்ன கதைகளில் ஆஸ் நாட்டுக் கதையும் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது. சிறு பிராயம் முதலே அது அவருக்கு உயிரான புத்தகம்.

இடையில் கிளீவ்லாண்ட் பிளே ஹவுஸ் நாடக அரங்கில் சேர்ந்து பழகினார். 1932-ல் பிராட்வேயில் 'அனதர் லாங்வேஜ்' நாடகம். அடுத்த வருடம் அதையே எம்.ஜி.எம். படமாக்கியபோது அவரையும் கூப்பிட்டார்கள். வயது முப்பது. அந்த முகத்தைப் பார்த்த ஹாலிவுட் ஒரு நொடியில் தீர்ப்பு எழுதிவிட்டது: நீண்ட மூக்கு, கூரான தாடை, மெல்லிய உதடு. கதாநாயகி கிடையாது. வம்பு பேசும் பக்கத்து வீட்டுக்காரி, கல்யாணமாகாத சிடுசிடுப்பு அத்தை, வேலைக்காரி, ஊர்க்காரி என்று வேடங்கள் வரிசையாக வந்தன. அவரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. எந்த ஸ்டுடியோவுடனும் நீண்ட ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவில்லை. வாரச் சம்பளத்துக்கு வேலை, இரண்டு வாரம் இங்கே, மூன்று வாரம் அங்கே. 1938-ல் மணமுறிவு. கையில் சின்னப் பையன். அடுத்த வேலை எப்போது என்பது வீட்டு அடுப்போடு சம்பந்தப்பட்ட கேள்வி.

எம்.ஜி.எம்.மில் அப்போது வேறொரு சூனியக்காரியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். முந்தைய ஆண்டு டிசம்பரில் வெளிவந்த டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' கார்ட்டூன் படம் வசூலை வாரிக் குவித்திருந்தது. அதில் வரும் பொல்லாத ராணி பேரழகி. அதைப் பார்த்த லீராய்க்கு நம் சூனியக்காரியும் அழகாக, ஆபத்தாக, பார்த்தவர் மயங்கும்படி இருந்தால் என்ன என்று தோன்றியது. கேல் சாண்டர்கார்டை ஒப்பந்தம் செய்தார்கள். துணை நடிகைக்கான ஆஸ்கர் விருது ஏற்படுத்தப்பட்டபோது அதை முதன்முதலில் வாங்கியவர் அவர்தான். மினுமினுக்கும் கறுப்பு ஜிகினா உடையில் சோதனைப் படங்களும் எடுத்தாயிற்று.

பிறகு யாருக்கோ சந்தேகம். கெட்ட சூனியக்காரி அசிங்கமாக அல்லவா இருக்க வேண்டும்? இல்லாவிட்டால் நல்ல சூனியக்காரிக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்? சாண்டர்கார்டுக்கு அசிங்கமாக மேக்கப் போட்டுப் பார்த்தார்கள். அந்த முகத்தோடு திரையில் வர அவருக்கு மனமில்லை, விலகிக்கொண்டார். படப்பிடிப்பு தொடங்கச் சில நாட்களே பாக்கி.

ஹாமில்டனுக்கு ஏஜென்ட்டின் தொலைபேசி வந்த கதையை அவரே பின்னாளில் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். 'விஸார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் உங்களைக் கேட்கிறார்கள் என்றதும் சிறு வயதிலிருந்து நேசித்த புத்தகம் என்று துள்ளிக் குதித்தார். என்ன வேடம் என்று கேட்டார். சூனியக்காரி. சூனியக்காரியா என்று இவர் இழுக்க, பின்னே வேறென்ன என்று கேட்டாராம் ஏஜென்ட்.

அவர் ஸ்டுடியோவிடம் கேட்டது ஆறு வார வேலைக்கான உத்தரவாதம். அவர்கள் கொடுக்க விரும்பியது அதைவிடக் குறைவு. பேரம் இழுத்துக்கொண்டே போய், படப்பிடிப்புக்கு மூன்று நாள் முன்னால் ஐந்து வாரத்தில் வந்து முடிந்தது. சம்பளம் வாரத்துக்கு 1,000 டாலர். சோளக்கொல்லைப் பொம்மையாக நடித்த ரே போல்ஜருக்கும் தகர மனிதனாக நடித்த ஜாக் ஹேலிக்கும் வாரத்துக்கு 3,000. கதாநாயகி டோரதியாக நடித்த பதினாறு வயது ஜூடி கார்லண்டுக்கு 500. டோரதியின் நாய்க்கு 125. இந்தப் பட்டியலை ஒரு தடவை பார்த்தாலே அந்தக் காலத்து ஹாலிவுட்டில் யாருக்கு என்ன விலை என்பது புரிந்துவிடும். ஐந்து வாரம் என்று பேசிய வேலை இருபத்துமூன்று வாரம் நீண்டது என்பது ஹாமில்டனுக்கு லாபம்தான். ஆனால் அந்த இருபத்துமூன்று வாரத்தில் நடந்தவை ஒப்பந்தத்தில் எழுதப்படாதவை.

கதை தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கான்சஸ் மாநிலத்துப் பண்ணைச் சிறுமி டோரதியைச் சூறாவளி வீட்டோடு தூக்கி ஆஸ் நாட்டில் போடுகிறது, வீடு விழுந்ததில் கிழக்குச் சூனியக்காரி நசுங்கிச் சாகிறாள், அவளுடைய மந்திரக் காலணிகள் டோரதியின் காலில் ஏறிக்கொள்கின்றன, அவற்றுக்காக மேற்குச் சூனியக்காரி படம் முழுக்கத் துரத்துகிறாள். நாவலில் அந்தக் காலணிகள் வெள்ளி. படம் டெக்னிகலரில், அதாவது மூன்று ஃபிலிம் சுருள்கள் ஒரே நேரத்தில் ஓடுகிற பிரம்மாண்டமான கேமராவில் எடுக்கப்பட்டது. அத்தனை செலவு செய்து வண்ணப்படம் எடுத்துவிட்டு வெள்ளிக் காலணியைக் காட்டுவதா? திரைக்கதையில் அது மாணிக்கச் சிவப்பாக மாறியது. சூனியக்காரியின் தோல் பச்சையானதும் இதே வண்ணப் பசியில்தான். கறுப்புத் தொப்பிக்கும் கறுப்பு உடைக்கும் நடுவில் பச்சை முகம் எப்படித் துள்ளிக்கொண்டு வரும் என்று யோசித்துப் பாருங்கள். உலகத்தின் மிகப் பிரபலமான சூனியக்காரியின் நிறம் எந்த நாட்டார் கதையிலிருந்தும் வரவில்லை, ஒரு கேமரா கம்பெனியின் தொழில்நுட்பத்திலிருந்து வந்தது.

திரைக்கதையாளர்கள் இன்னும் இரண்டு காரியம் செய்தார்கள். இறந்துபோன கிழக்குச் சூனியக்காரியை இவளுக்கு உடன்பிறந்தவள் ஆக்கினார்கள். நாவலில் அப்படி ஓர் உறவு இல்லை. இது வந்ததும் கதையின் நியாயம் லேசாக ஆட்டம் காண்கிறது. கூடப் பிறந்தவள் செத்துக் கிடக்கிறாள். அவள் காலில் இருந்த செருப்பை வழிப்போக்கச் சிறுமி ஒருத்தி போட்டுக்கொண்டு நிற்கிறாள். உரிமையுள்ளவள் கேட்டால் பொல்லாதவள் என்கிறார்கள். எந்த ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்தாலும் தீர்ப்பு டோரதிக்குச் சாதகமாக வந்திருக்குமா என்பது சந்தேகம். இரண்டாவது, கான்சஸ் காட்சிகளில் ஆல்மைரா கல்ச் என்ற பணக்காரச் சிடுமூஞ்சிப் பெண்ணைப் புதிதாக நுழைத்து, அவளையும் ஹாமில்டனையே நடிக்க வைத்தார்கள். டோரதியின் நாயைப் பிடுங்கிக் கூடையில் போட்டு சைக்கிளில் போகிறவள் அவள். சூறாவளிக்குள் ஜன்னல் வழியே பார்க்கும்போது அந்த சைக்கிள் துடைப்பமாக மாறுகிறது. ஹாமில்டன் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே பாதி சூனியக்காரி வந்துவிடுகிறாள். பச்சை பிறகு வந்து சேர்ந்ததுதான்.

நல்ல சூனியக்காரி கிளிண்டாவாக, இளஞ்சிவப்பு கவுனில், சோப்புக் குமிழியில் மிதந்து வருகிறவர் பில்லி பர்க். அழகும் நன்மையும் ஒன்று, அவலட்சணமும் தீமையும் ஒன்று என்று படம் பச்சையாகவே சொல்கிறது. எனக்கு இந்தப் படத்தில் உறுத்துகிற இடம் அது. அப்போது பில்லி பர்க்குக்கு வயது ஐம்பத்துநான்கு. 'கிழட்டு' சூனியக்காரிக்கு முப்பத்தைந்து. பர்க்கின் ஓய்வறை கிளிண்டாவின் உடைக்குப் பொருத்தமாக மெத்தென்று அலங்கரிக்கப்பட்டிருந்தது. ஹாமில்டனுக்குக் கிடைத்தது கித்தான் துணி கட்டிய ஒரு மறைப்பு. பர்க்குக்கு வேலை இல்லாத நாட்களில் அவருடைய அறைக்குள் போய் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவேன் என்று ஹாமில்டன் பின்னாளில் வேடிக்கையாகச் சொன்னார்.

அந்தச் சாப்பாடும் சுலபமாக இல்லை. முகத்திலும் கையிலும் பூசிய பச்சைச் சாயத்தில் செம்பு கலந்திருந்தது. உள்ளே போனால் விஷம். ஒட்டுமூக்கும் ஒட்டுத்தாடையும் வைத்துக்கொண்டு, சாயம் உணவில் படாமல், பார்த்துப் பார்த்து விழுங்க வேண்டும். டெக்னிகலர் கேமராவுக்கு வெளிச்சம் போதவே போதாது என்பதால் அரங்கெங்கும் ராட்சத விளக்குகள். உள்ளே வெயில் காலத்து மதுரை. தோலில் ஊறிய பச்சை, படம் முடிந்த பிறகும் வாரக்கணக்கில் முழுசாகப் போகவில்லை.

மேக்கப் ஆளைக் கொல்லும் என்பது எம்.ஜி.எம்.முக்குத் தெரியாத விஷயமில்லை. தகர மனிதனாக முதலில் நடிக்க வந்தவர் பட்டி எப்சன். அவர் முகத்தில் அலுமினியத் தூள் தூவினார்கள். சில நாட்களில் அது நுரையீரலில் படிந்து மூச்சு நின்றுபோகும் நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் பிழைத்தார். அவருடைய இடத்துக்கு ஜாக் ஹேலி வந்தார். தூளுக்குப் பதில் பசையாக மாற்றினார்கள். வேலை தொடர்ந்தது. இயக்குநர்களும் மாறிக்கொண்டிருந்தார்கள்: ரிச்சர்ட் தோர்ப் போய், இடையில் சில நாட்கள் ஜார்ஜ் கூக்கர் வந்து யோசனை சொல்லி, பிறகு விக்டர் ஃபிளெமிங் வந்து உட்கார்ந்தார்.

1938 டிசம்பர் 23. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால். ஹாமில்டனுக்கு முப்பத்தாறு வயது நிறைந்து இரண்டு வாரம்.

அன்று எடுத்தது, டோரதியின் வீடு வந்து விழுகிற குள்ளர் கிராமத்துக் காட்சி. சூனியக்காரி வந்து டோரதியை மிரட்டிவிட்டு, புகையும் நெருப்புமாக மறைய வேண்டும். தரையில் ஒரு பொறிக்கதவு, அதற்குக் கீழே இறங்கும் மேடை. ஹாமில்டன் பின்னால் நகர்ந்து அந்த இடத்தில் நின்றதும் சிவப்புப் புகை எழும்பும். புகை மறைக்க, மேடை சரேலென்று அவரைக் கீழே இறக்கும். அவர் இறங்கிய பிறகு மேலே தீ குபீரென்று கிளம்பும். இந்த வரிசை ஒரு நொடி பிசகக் கூடாது. முதல் தடவை நன்றாக வந்தது. இயக்குநருக்கு இன்னொன்று கையிருப்பாக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி எடுக்கத் தொடங்கினார்கள். இந்த முறை அவர் இறங்கி முடிக்கும் முன்பே தீ வந்துவிட்டது. துடைப்பமும் தொப்பியும் பற்றிக்கொண்டன.

கீழே நின்றிருந்தவர்கள் துடைப்பத்தைப் பிடுங்கி, தொப்பியைத் தட்டிவிட்டு, தீயை அடித்து அணைத்தார்கள். என்ன நடந்தது என்பதே அவருக்கு உடனே தெரியவில்லை. புருவமும் இமை முடியும் கருகியிருந்தன. முகத்தில் காயம். வலது கையில் தோலே உரிந்திருந்தது. அதைவிடக் கொடுமை அடுத்து வந்தது. செம்புச் சாயத்தைப் புண்ணின் மேல் விட்டுவைக்க முடியாது, உடனே துடைத்தாக வேண்டும். துடைக்க இருந்தது ஆல்கஹால். வெந்த தசையில் ஆல்கஹால் வைத்துத் தேய்த்த அந்த வலியை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

ஆறு வாரம் படுக்கை. வீட்டில் கிடந்தவருக்கு ஸ்டுடியோவிலிருந்து சீக்கிரமே விசாரிப்பு வந்தது, எப்போது வேலைக்கு வருவீர்கள் என்று. வழக்குப் போடச் சொன்னவர்கள் இருந்தார்கள். அவர் போடவில்லை. போட்டால் அதன்பிறகு எந்த ஸ்டுடியோவும் தன்னைக் கூப்பிடாது என்று அவருக்குத் தெரியும். அதை ஒளிக்காமல் சொல்லவும் செய்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: இனி நெருப்புச் சம்பந்தப்பட்ட எதிலும் நிற்க மாட்டேன். சாதாரணமாக வாயைத் திறக்காத ஒரு வாரக் கூலிக்காரி அந்தக் கால எம்.ஜி.எம்.மிடம் இப்படிச் சொன்னது சின்ன விஷயமில்லை. திரும்பி வந்தபோதும் கை முழுசாக ஆறவில்லை. அதன்மேல் சாயம் பூச முடியாமல் பச்சைக் கையுறை மாட்டி நடித்தார்.

படத்தில் நாம் பார்ப்பது அன்று காலை எடுத்த முதல் காட்சியைத்தான். உன்னிப்பாகக் கவனித்தால் சிவப்புப் புகை ஒரு கணம் முந்திக்கொண்டு கிளம்புவது தெரியும். மதியம் எடுக்கப் போனதெல்லாம் தேவையே இல்லாத வேலை.

நெருப்பு வேண்டாம் என்று அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது சில நாட்களிலேயே தெரிந்தது. துடைப்பம் புகை கக்கிக்கொண்டு வானத்தில் டோரதியின் பெயரை எழுதுகிற காட்சிக்காக, புகை வரும் குழாய் ஒன்றைத் துடைப்பமாகச் செய்திருந்தார்கள். அதில் உட்கார ஹாமில்டன் மறுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக டூப் போடும் பெட்டி டாங்கோ ஏறி உட்கார்ந்தார். மூன்றாவது முறை எடுக்கும்போது குழாய் வெடித்தது. டாங்கோ பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். காலில் ஆழமான வடு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. சூனியக்காரி பிறந்த கதையில் இந்தப் பெண்ணின் பெயர் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. வானத்தில் எழுத்துத் தெரிகிற தூரக்காட்சிக்கு நெருப்பே தேவைப்படவில்லை என்பது இன்னொரு வேடிக்கை. கண்ணாடித் தொட்டியில் பால் போன்ற திரவத்தை நிரப்பி, ஊசி வழியாகக் கறுப்புச் சாயத்தை விட்டு எழுதினார்கள்.

கரைந்துபோகும் கடைசிக் காட்சி இதைவிடச் சாது. பாவாடையின் விளிம்பைத் தரையோடு ஆணி அடித்துவிட்டு, ஹாமில்டனை இறங்குமேடையில் மெல்லக் கீழே இறக்கினார்கள். உடைக்குள் வைத்த உலர் பனிக்கட்டியிலிருந்து ஆவி வந்தது. தந்திரம் அவ்வளவுதான். மீதி அவருடைய குரல். அந்தக் குரலில் பயத்தைவிட ஆச்சரியமே அதிகம்: ஒரு சின்னப் பெண்ணால் எனக்கு இப்படி ஆகுமா என்கிற நம்ப முடியாமை. வில்லியின் சாவில் பார்ப்பவனுக்கு ஒரு நொடி வருத்தம் தட்டுமானால் அதற்குக் காரணம் பனிக்கட்டி ஆவி இல்லை.

படம் முன்னோட்டமாகத் திரையிடப்பட்டபோது குழந்தைகள் மிரண்டார்கள் என்று அவருடைய காட்சிகளிலும் வசனங்களிலும் கத்தரி வைத்தார்கள். மிஞ்சியது ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம். 2003-ல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் நூறு ஆண்டு சினிமாவின் வில்லன்களை வரிசைப்படுத்தியபோது ஹானிபல் லெக்டர், நார்மன் பேட்ஸ், டார்த் வேடர் ஆகியோருக்கு அடுத்து நான்காவது இடத்தில் இருந்தது இந்தப் பன்னிரண்டு நிமிடம். பெண்களில் அதுவே முதல் இடம்.

1939 ஆகஸ்டில் படம் வெளியானது. செலவு சுமார் 27 லட்சத்து 77 ஆயிரம் டாலர். முதல் வெளியீட்டு வசூல் 30 லட்சத்தை ஒட்டி. விளம்பரச் செலவையும் பிரதிச் செலவையும் கழித்தால் நஷ்டம். அதோடு மறக்கப்பட்டிருக்கலாம். சூனியக்காரி உண்மையில் வீடு வீடாகப் புகுந்தது பதினேழு வருடம் கழித்து. 1956 நவம்பர் 3 அன்று இரவு சி.பி.எஸ். தொலைக்காட்சி படத்தை ஒளிபரப்பியது. 1959 முதல் ஆண்டுக்கொரு முறை என்று அது பண்டிகை போல ஆகிவிட்டது. வருடம் முழுக்கக் காத்திருந்து, அந்த ஓர் இரவு சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவளைப் பார்த்து வளர்ந்தது ஒரு தலைமுறை. பல வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான், பச்சை தெரியாது. அப்படியும் பயந்தார்கள்.

ஒரு ஒளிபரப்புக்கு சி.பி.எஸ். கொடுத்த தொகை 2,25,000 டாலர். ஹாமில்டனுக்கு அதில் ஒரு சென்ட்கூட வரவில்லை. யார் மேலும் வழக்குப் போட வழி இல்லை, முறையே அப்படி. தொலைக்காட்சியில் போடும்போது நடிகர்களுக்கும் பங்கு வேண்டும் என்று 1960-ல் நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. அப்போது சங்கத் தலைவர், பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன். சமரசம் ஏற்பட்டபோது, அந்த ஆண்டு முதல் எடுக்கும் படங்களுக்குப் பங்கு உண்டு என்றும் பழைய படங்களுக்கு இல்லை என்றும் முடிவானது. பதிலாக ஓய்வூதியத்துக்கும் மருத்துவ உதவிக்கும் ஒரு மொத்தத் தொகையை ஸ்டுடியோக்கள் சங்கத்துக்குக் கொடுத்தன. வருடா வருடம் கோடிக்கணக்கானவர்களைப் பயமுறுத்திய வேலைக்கு அவர் வாங்கிய கூலி, 1939-ல் வாங்கியதோடு சரி.

அவர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார். மே வெஸ்டும் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸும் நடித்த 'மை லிட்டில் சிக்கடி', பேய்ப்படம் '13 கோஸ்ட்ஸ்', தொலைக்காட்சியில் 'ஆடம்ஸ் ஃபேமிலி' தொடரில் மார்ட்டீஷியாவின் அம்மா என்று எழுபதுக்கும் மேற்பட்ட படங்கள், நாடகங்கள், தொடர்கள். பெவர்லி ஹில்ஸ் பள்ளி வாரியத்தில் உறுப்பினராக இருந்தார். எழுபதுகளில் மேக்ஸ்வெல் ஹவுஸ் காபி விளம்பரத்தில் கோரா என்ற கடைக்காரப் பாட்டியாக வந்து, தன் கடையில் அந்த ஒரு காபியைத் தவிர வேறெதையும் விற்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். சூனியக்காரியை விடப் பல மடங்கு நேரம் அந்தப் பாட்டியாகத்தான் திரையில் இருந்திருப்பார்.

ஆனால் குழந்தைகள் அவரை விடவில்லை. டோரதியிடம் ஏன் அவ்வளவு மோசமாக நடந்துகொண்டீர்கள் என்று தெருவில் கேட்பார்கள். குழந்தைகள் முன்னால் அந்தச் சிரிப்பைச் சிரித்துக் காட்டச் சொன்னால் அவர் தயங்குவார். மழலையர் பள்ளி ஆசிரியை அல்லவா. பயம் ஒரு குழந்தையை என்ன செய்யும் என்று தெரிந்தவர். 1975-ல் ஃபிரெட் ரோஜர்ஸ் தன்னுடைய குழந்தைகள் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோது போனார். சாதாரண உடையில் உட்கார்ந்து பேசினார். சூனியக்காரிக்கு எல்லாமே ரசித்துச் செய்யும் வேலைதான், ஆனால் கேட்டது எதுவும் அவளுக்குக் கிடைப்பதே இல்லை, அதனால் வரும் ஏமாற்றம்தான் அவள் கோபம் என்று விளக்கினார். பிறகு கறுப்புப் பாவாடை, மேலங்கி, தொப்பி என்று கேமரா முன்னாலேயே ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிக்கொண்டார். எல்லாம் சும்மா விளையாட்டு என்று குழந்தைகளுக்குப் பிரித்துக் காட்டிய அந்தச் சில நிமிடங்கள் அவருடைய மிகச் சிறந்த நடிப்புகளில் ஒன்று என்பேன். முகத்தில் பச்சை பூசவில்லை.

அடுத்த வருடம் 1976 பிப்ரவரியில் 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியில் முழுப் பச்சையில் வந்தார். பயத்தை வெல்லக் கற்றுக்கொடுக்கலாம் என்கிற நல்ல எண்ணத்தில் எடுத்ததுதான். துடைப்பம் தொலைத்த சூனியக்காரி அதைத் திருப்பிக் கேட்டு வருகிறாள். குழந்தைகள் அலறுகிறார்கள் என்று பெற்றோர் கடிதம் மேல் கடிதம் எழுத, அந்தப் பகுதியை மறு ஒளிபரப்பே செய்யாமல் மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். எழுபத்துமூன்று வயதில், முப்பத்தேழு வருடம் பழைய வேடத்தில், ஒரு நாட்டின் குழந்தைகளை இன்னொரு முறை கட்டிலுக்கடியில் அனுப்பினார். 1985 மே 16 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாலிஸ்பரியில் காலமானார். வயது எண்பத்திரண்டு.

அவருக்குப் பிறகும் பச்சை வளர்ந்துகொண்டே போனது. 1995-ல் கிரகரி மகுவாயர், அந்தச் சூனியக்காரியின் பக்கத்து நியாயத்தைச் சொல்லும் 'விக்கெட்' நாவலை எழுதினார். பெயரில்லாமல் இருந்தவளுக்கு எல்ஃபபா என்று பெயர் வைத்தார், எல். ஃபிராங்க் பாம் என்ற பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருட்டிய பெயர். பெயர் பாமிடமிருந்து வந்தாலும் அவளுடைய தோல் பாமிடமிருந்து வரவில்லை. அவள் பிறவியிலேயே பச்சை, அந்தப் பச்சையால்தான் ஊர் ஒதுக்குகிறது என்பதே கதையின் அச்சு. 2003-ல் அது பிராட்வே இசை நாடகமாகி இன்னும் ஓடுகிறது. 2024-ல் திரைப்படமும் ஆனது.

பாமின் நாவலுக்கான காப்புரிமை, படம் தொலைக்காட்சிக்கு வந்த அதே 1956-ல் காலாவதியாயிற்று. யார் வேண்டுமானாலும் ஆஸ் நாட்டுக்குப் போகலாம், யார் வேண்டுமானாலும் மேற்குச் சூனியக்காரியைப் படமெடுக்கலாம். 2013-ல் டிஸ்னி 'ஆஸ்: தி கிரேட் அண்ட் பவர்ஃபுல்' எடுக்கக் கிளம்பியபோது அதற்குத் தடையேதும் இல்லை, ஆனால் 1939 படத்தில் புதிதாகப் பிறந்தவை மட்டும் எம்.ஜி.எம்.மிடமிருந்து கைமாறி வார்னர் பிரதர்ஸ் கம்பெனியின் சொத்தாகியிருந்தன. சிவப்புக் காலணியைக் காட்ட முடியாது. சூனியக்காரியைப் பச்சையாக்கலாம், அதே பச்சையாக்கக் கூடாது. டிஸ்னியின் வக்கீல்கள் சரி என்று சொன்ன வேறொரு பச்சையைத்தான் சூனியக்காரியாக நடித்த மிலா கூனிஸின் முகத்தில் பூசினார்கள்.